தெல்தோட்டையில் எடுத்த கதையில்லாத படம்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் ஏழு கட்டுரைகள் எழுதியிருந்தேன். அவற்றை எழுதிய காலத்தில் நான் கடலைத் தாண்டியதில்லை. திரும்பி வந்தவர்கள் சொன்னதையும், திரும்பி வராதவர்களின் உறவினர் அழுததையும் கேட்டு எழுதினேன். அவற்றைப் படித்துவிட்டுத்தான் திருச்சியில் ஒரு சங்கத்தார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏழைகள் கூலிகளாகக் கடல் கடந்து போவதைத் தடுப்பது அந்தச் சங்கத்தின் வேலை.

“எழுதினால் படிக்கத் தெரிந்தவன்தான் படிப்பான். சினிமாப் படமாக எடுத்துக் காட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள்” என்றார் காரியதரிசி. ராஜாவும் ராணியும் சண்டையும் இல்லாத படம். அங்கே நம் ஜனங்கள் படும் கஷ்டத்தை உள்ளது உள்ளபடி காட்டும் படம். காமிராவுக்கு எது முன்பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது என்றேன். “அதற்குச் சூசை இருக்கிறான். என்ன எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் போதும்” என்றார்.

சூசை மூன்று வருஷம் பம்பாயில் ஒரு படக் கம்பெனியில் இருந்தவன். புராணப் படங்களில் மேகத்தையும் புகையையும் எடுத்து அலுத்துப்போய் ஊர் திரும்பி, மாதா கோயில் தெருவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கதையில்லாத படம் என்றதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “மனுஷங்க நடிக்காம இருக்கறத எடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை சார்” என்றான்.

கண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது மழை. எங்கள் ஜில்லாவில் மழை பெய்தால் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்ப்பார்கள். இங்கே ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. காமிராவை ஏற்றி வைக்கும் முக்காலியைப் பெட்டியிலிருந்து இறக்கும்போது அதன்மேல் ஒரு மாம்பழக் கூடையும், மாம்பழக் கூடையின்மேல் ஒரு தடித்த மனிதரும் விழுந்தார்கள். மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. முக்காலியின் ஒரு கால் முறிந்துவிட்டது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு திருநெல்வேலிக்காரரின் ஹோட்டலில் தங்கினோம். இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் போட்டார். தேங்காயில்லாத பதார்த்தம் ஒன்று உண்டா என்று தேடினேன். தண்ணீர் ஒன்றுதான் அகப்பட்டது. தேநீர் வந்தது. தேயிலை விளைகிற ஊரின் தேநீர் என்று ஆவலோடு குடித்தால், துணி துவைத்த தண்ணீர்போல இருந்தது. ஹோட்டல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல இலை எல்லாம் பெட்டிக்குள்ள ஏறி சீமைக்குப் போயிருது. நமக்குத் தூசிதான் மிச்சம்” என்றார்.

மறுநாள் முக்காலிக்குக் கால் போட ஆள் தேடினோம். இரும்பு வேலைக்கு அக்குறணைக்குப் போங்கள் என்றார்கள். முக்காலியைப் பஸ் கூரையில் கட்டிவிட்டு ஏறினோம். எங்களுக்கு முன்னால் இரண்டு சிங்கள விவசாயிகள் வெற்றிலைக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் எதையோ விவாதித்துக்கொண்டு வந்தார்கள். அருகில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் அதைக் கேட்டுத் தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

“இவங்க தெல்தெனியப் பக்கம். அடுத்த கிழமை ஓட்டு ஈக்குதுதானே, அந்தப் பேச்சு” என்று அவர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். கிழமை என்றால் வாரம். ஒரு விவசாயி கேட்டாராம்: “நம் ஊர்ப் பெரிய வீட்டுக்காரருக்கு எத்தனை ஓட்டுச் சீட்டு?” மற்றவர், “ஒன்று” என்றாராம். “எனக்கு?” “உனக்கும் ஒன்றுதான்.” முதலாமவர் சற்று நேரம் வெளியே பார்த்துவிட்டு, “அப்படியானால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது” என்றாராம்.

நானும் சிரித்தேன். ஆணுக்கும் பெண்ணுக்கும், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு என்று இலங்கையில் சட்டம் வந்திருப்பதைப் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்ததோடு சரி. எங்கள் ஊரில் வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. எங்கள் தெரு முழுவதற்கும் ஆறு ஓட்டோ ஏழு ஓட்டோ. அதில் ஒன்று என் தகப்பனாருடையது.

மொழிபெயர்த்தவர் பெயர் ஹனிபா. அக்குறணையில் பாத்திரக் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை ஹனிபா நானா என்று அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைத்தோம். நானா என்றால் அண்ணன். அவரே எங்களைக் கொல்லனிடம் அழைத்துப்போய் வேலையைச் சொல்லி, கால் பொருத்தி முடியும்வரை வீட்டில் உட்கார வைத்து வட்டிலப்பம் கொடுத்தார். தெல்தோட்டைக்குப் போக வேண்டும் என்றதும், தம்மிடம் ஒரு பழைய மோட்டார் இருப்பதாகவும் அதைத் தாமே ஓட்டுவதாகவும் சொன்னார். “கடைய மகன் பாத்துக்குவான். படம் புடிக்கிறத நான் இன்னும் பாக்கல்ல” என்றார்.

மூன்றாம் நாள் தெல்தோட்டை. தோட்டத்துத் துரையிடம் முன்பே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தோம். கொழுந்து பறிப்பதையும் தொழிற்சாலையையும் எடுக்கலாம், வேறெங்கும் போகக் கூடாது என்பது நிபந்தனை. நாங்கள் போனபோது முப்பது பெண்கள் வெள்ளை வெளேரென்ற உடுப்பில் மலைச்சரிவில் வரிசையாக நின்றிருந்தார்கள். பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக மேலே நின்று, “சிரிங்க, சிரிங்க” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சூசை ஒரு சுருளை அதற்குச் செலவு செய்துவிட்டு என் காதில், “பம்பாயே தேவலை சார்” என்றான்.

அந்த வரிசையில் சிரிக்காத ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் விரல்கள் மாத்திரம் நிற்காமல் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தன. என் காலில் ஏறியிருந்த அட்டைகளை நான் பிடுங்கி எறிய முயன்றபோது, “புடுங்காதீங்க ஐயா, புண்ணாப் போயிரும். சவுக்காரம் தடவுங்க, தானா விழுந்துரும்” என்றாள். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக இருந்தது.

“உன் பேர் என்ன? எந்த ஊர்?” என்று கேட்டேன்.

“செல்லாயிங்க. முசிறிக்கு அப்பால.”

மறுநாள் துரை கண்டிக்குப் போகிறார் என்று தெரிந்தது. செல்லாயியின் கணவர் பழனி தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வாய் திறந்து பேசாத மனிதர். அவரிடம் தனியாகக் கேட்டேன். லயத்தில் அவர்கள் இருக்கும் அறையைப் படம் எடுக்கலாமா என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். நான் வந்த காரியமே அதுதானே. ஏழு கட்டுரைகளிலும் அந்த லயத்து அறைகளைத்தான் வர்ணித்திருந்தேன்.

நாலாம் நாள், நல்லவேளையாக வெயில். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் பத்து அறைகள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சில அறைகளில் இரண்டு. ஜன்னல் கிடையாது. நான் எழுதியது ஒன்றும் பொய்யில்லை, குறைவாகத்தான் எழுதியிருந்தேன். கூரைத் தகரத்தில் ஓட்டை. அதன்கீழே ஒரு சட்டி. சட்டியில் நேற்றைய மழை. அறைக்குள் இருட்டு. அந்த இருட்டில் பிலிமில் ஒன்றும் விழாது என்பதால் சூசை ஒரு தகரத் தகட்டை வாசலில் சாய்த்து வைத்து, வெயிலை அதில் வாங்கி உள்ளே திருப்பினான். அறை பளீரென்று வெளிச்சமாயிற்று. சுவரெல்லாம் அடுப்புக் கரி. மூலையில் சுருட்டிய கம்பளி, ஒரு தகரப் பெட்டி, கொடியில் கிழிந்த துணிகள். சூசை சிலுவைக் குறி போட்டுக்கொண்டு காமிராவின் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினான்.

சிறிது நேரத்தில் அறை மறுபடியும் இருட்டாகிவிட்டது. மேகம் என்று நினைத்துத் திரும்பினேன். செல்லாயி கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தகட்டுக்கும் வாசலுக்கும் நடுவே, வெளிச்சத்தை முழுவதும் மறித்துக்கொண்டு.

“கொஞ்சம் நகரும்மா” என்றான் சூசை.

அவள் நகரவில்லை. “யாரு வரச் சொன்னது?” என்றாள்.

பழனி தரையைப் பார்த்தார். நான் எழுந்து அவளுக்கு விளக்கினேன். துரைக்கு இது தெரியாது, பயப்பட வேண்டாம். இந்தப் படத்தை நம் ஊர்களில் காட்டப் போகிறோம். ஏமாற்றுப் பேச்சைக் கேட்டு இங்கே கிளம்பி வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு நிற்பார்கள்.

“எந்த ஊருல காட்டுவீங்க?”

“திருச்சி ஜில்லா முழுவதும்.”

“அப்ப எங்க ஊருலயும் காட்டுவீங்க.”

“கட்டாயம்.”

அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். “எங்க ஊருல யாரு ஐயா பாப்பாங்க? எங்க தெருவுல இருக்கறவங்களுக்கு மட்டுமா காட்டுவீங்க? பெரிய தெருக்காரங்களும் பாப்பாங்கல்ல?”

“எல்லோரும்தான் பார்ப்பார்கள்.”

“அங்க நான் பொது கெணத்துல தண்ணி எடுத்ததில்ல. பெரிய தெருவுல நடந்ததில்ல. எங்க அப்பன் பண்ணைய விட்டுட்டு ஒருநாள் வேற எடத்துக்கு வேலைக்குப் போனாருன்னு கட்டி வெச்சு அடிச்சாங்க. அதுக்கப்புறந்தான் நாங்க கப்பலேறுனோம். இப்ப நீங்க இந்தக் கரியையும் ஓட்டையையும் கொண்டுபோய்க் காட்டுவீங்க. அவங்க பாத்துட்டு எங்க சனங்ககிட்ட என்ன சொல்லுவாங்க? ‘பாத்தியா, எங்கள விட்டுட்டுப் போனா இப்படித்தான் கெடப்பீங்க’ம்பாங்க. அத சொல்றதுக்கு நான் வீட்டத் தொறந்து வெக்கணுமா?”

“இங்கே கஷ்டம் இல்லை என்கிறாயா?” என்று கேட்டேன்.

“யாரு இல்லன்னது? ஒழுகுது. காலையில ஆளெண்ணுற பெரட்டுக்குப் பிந்திப்போனா அன்னைக்கு வேல இல்ல. துரை வந்தா கொடைய மடக்கிக்கிட்டு மழையில நிக்கணும். எல்லாத்தையும் காட்டுங்க.” கூடையை ஓரமாக நகர்த்தினாள். “நாளக் கழிச்சு பள்ளிக்கூடத்துல ஓட்டு. எனக்கும் ஓட்டு இருக்கு. அதையும் காட்டுங்க. ரெண்டையும் காட்டுறதா இருந்தா எடுங்க. இல்லன்னா ஒண்ணும் எடுக்காதீங்க.”

சங்கம் கேட்டது இது அல்ல. மறுநாளே கண்டியை விட்டுக் கிளம்புவதாகத் திட்டம். சூசைதான் காமிராவிலிருந்து தலையை எடுத்து, “எடுக்கலாம்மா. ஒரு சுருள் மிச்சம் வெச்சுக்கறேன்” என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நானும் சரி என்றேன்.

அவள் உள்ளே வந்து தன் அறையைச் சுற்றிலும் பார்த்தாள். திரும்பிய வெளிச்சம் சுவரெல்லாம் விழுந்திருந்தது. “இவ்வளவு கரியா இருக்குன்னு இப்பத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி சுட்டு, மிளகாய்ச் சம்பலோடு கொடுத்தாள். நான் ஒரு கணம் தயங்கியதை அவள் கவனித்தாளோ என்னவோ, சூசை கவனித்தான். எங்கள் வீட்டில் இப்படி ஓர் அடுப்பிலிருந்து வந்ததை யாரும் தொட்டதில்லை. சாப்பிட்டேன். ஹனிபா நானா மூன்று ரொட்டி சாப்பிட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டே வெறுந்தேநீர் குடிக்கச் சொன்னாள். இலங்கையில் நான் குடித்த நல்ல தேநீர் அதுதான்.

நாங்கள் சாமான்களைக் கட்டும்போது பெரிய கங்காணி வந்தார். கோபப்படவில்லை. “அனுமதி கொழுந்துக்கும் பேக்டரிக்கும். இது ரெண்டும் இல்லையே” என்றார். இனித் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, செல்லாயியின் பக்கம் திரும்பினார். “ஓட்டன்னைக்கு லொறி வரும். சிவப்புக் கொடி கட்டியிருக்கும். சிவப்புப் பெட்டி. மறந்துராத.” வேட்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தைப் பார்த்து அந்தப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். துரையின் நண்பருக்குச் சிவப்பு. செல்லாயி, “சரிங்க” என்றாள்.

ஐந்தாம் நாள் கண்டியில் சும்மா இருந்தோம். ஏரிக் கரையைச் சுற்றி நடந்தோம். நம் ஊர் ஆற்றங்கரைபோல யாரும் துணி துவைக்கவில்லை, பல் துலக்கவில்லை. கனவான்கள் கைத்தடியோடு நடந்தார்கள். ஒரு சுவரோரமாக உட்கார்ந்ததும் சூசை, “சார், ஒண்ணு கேக்கட்டுமா? நம்ம சங்கத்துல யார் யார் இருக்காங்க?” என்றான்.

சொன்னேன். காரியதரிசி வக்கீல். அவருக்கு லால்குடியில் நிலம். தலைவர் பெரிய மிராசுதார். கமிட்டியில் ஒன்பது பேர். எண்ணிக்கொண்டு வந்தபோது ஒன்பது பேருமே நிலச்சுவான்தார்கள். அதில் ஒருவர் என் தாய்மாமன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வயலில் வேலை செய்த இரண்டு குடும்பங்கள் சொல்லாமல் கிளம்பி இலங்கைக்குப் போய்விட்டன. அந்த வருஷம் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என் தகப்பனார் புலம்பியது நினைவுக்கு வந்தது. என் முதல் கட்டுரை அதற்கு அடுத்த மாதம் வந்தது. அப்போது அவை இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

“பொய் ஒண்ணும் எழுதலையே சார் நீங்க” என்றான் சூசை, என் முகத்தைப் பார்த்து.

“எழுதவில்லை” என்றேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆறாம் நாள் காலையிலிருந்தே மழை. ஹனிபா நானாவின் மோட்டார் மலைப்பாதையில் பாதி தூரம் போனதும் வழியை அடைத்துக்கொண்டு மண் சரிந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டியும் ஒரு லொறியும் நின்றன. மண்வெட்டியோடு ஏழெட்டுப் பேர் வேலை செய்தார்கள். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக மண் அள்ளினேன். நான் அள்ளியதைவிடச் சிந்தியது அதிகம். “தம்பி, நீங்க எழுதுங்க, அதுதான் நல்லம்” என்றார் நானா. சூசை காமிராவைக் குழந்தைபோலக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருந்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டு முடிய அதிக நேரம் இல்லை. செல்லாயி போட்டுவிட்டுப் போயிருப்பாள் என்றே நினைத்தேன். சிவப்புக் கொடி கட்டிய லொறி வாசலில் நின்றது. அதைத் தாண்டி, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் பெண்களின் வரிசை. தலையில் சாக்கும் கம்பளியுமாக மழையில் நின்றார்கள். கண்ணாடிக் கடையில் பொருளை எடுத்து வைப்பதுபோல, சேற்றில் ஒவ்வோர் அடியையும் ஜாக்கிரதையாக எடுத்து வைத்து நகர்ந்தார்கள். யாரும் சிரிக்கும்படி சொல்லவில்லை, சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் செல்லாயி நின்றாள். மாம்பழ நிறத்தில் ஒரு நல்ல சேலை, மழையில் உடம்போடு ஒட்டியிருந்தது.

பக்கத்தில் நின்ற பெண், “காலையில மொத லொறியிலேயே வந்துட்டா. வாரவங்களை எல்லாம் முன்னால போ, முன்னால போன்னு விட்டுக்கிட்டே இருக்கா” என்றாள்.

“எங்களுக்காகவா நின்றீர்கள்?” என்று கேட்டேன்.

“மழை விடட்டும்னு நின்னேன்” என்றாள் செல்லாயி. மழை விட்டிருக்கவே இல்லை.

உள்ளே போய் அனுமதி கேட்டேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். கண்ணாடி போட்ட, ஒடிசலான மனிதர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “உள்ளுக்குக் காமிரா கொண்டுவரேலாது. வெளியில றோட்டில நிண்டு எடுங்கோ, அதை நான் தடுக்கேலாது. ஆனா ஆர் எந்தப் பெட்டியில போட்டது எண்டு ஒருத்தரிட்டையும் கேக்கக்கூடாது. விளங்குதோ?” என்றார். விளங்குகிறது என்றேன்.

சூசை முக்காலியைச் சேற்றில் ஊன்றினான். ஹனிபா நானா காமிராவின்மேல் குடையைப் பிடித்தார், அவர் நனைந்தார். கடைசிச் சுருள். வரிசை ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. பெரிய கங்காணி லொறியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்க வரவில்லை. றோடு அவருடையது அல்லவே. செல்லாயியின் முறை வந்தபோது வரிசையில் வேறு யாரும் மிச்சமில்லை. கூடையை இறக்கி வைப்பவள்போலத் தலையிலிருந்த சாக்கை எடுத்து மடித்துச் சுவரோரம் வைத்தாள். ஈரத் தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். உள்ளே போனாள். சூசை நிறுத்தவில்லை, வெறும் வாசலை எடுத்துக்கொண்டே இருந்தான். பிலிம் தீர்ந்துவிடுமே என்றேன். அவள் வெளியே வந்தாள். இரண்டு படி இறங்கினாள். காமிராவின் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், சுருள் முடிந்துவிட்டது.

அவள் எங்களிடம் வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அழுகை இல்லை. “உள்ள ஒரு ஐயா காயிதத்துல எம் பேரப் பாத்து வாசிச்சாரு. வாசிச்சிட்டு ‘உள்ளுக்கு வாங்கோ’ன்னாரு” என்றாள். “வாங்கோன்னாரு” என்று மறுபடியும் சொன்னாள்.

உத்தியோகத்தர் சொன்னதை மறந்து, “எந்தப் பெட்டி?” என்று கேட்டுவிட்டேன்.

“படத்துல நெறம் தெரியுங்களா?”

“தெரியாது. எல்லாம் கறுப்பும் வெள்ளையுந்தான்.”

“அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?” என்றாள். சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு லொறியை நோக்கி நடந்தாள். பழனி ஏற்கெனவே ஏறியிருந்தார். கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார். லொறி கிளம்பியது. சிவப்புக் கொடி மழையில் கம்பத்தோடு சுற்றிக்கொண்டு கிடந்தது.

திருச்சிக்கு வந்து படத்தைக் கழுவி ஒட்டிச் சேர்த்து, சங்கத்தாருக்குப் போட்டுக் காட்டினோம். ஒழுகும் கூரையும் கரிச்சுவரும் வந்தபோது கமிட்டியார் தலையை ஆட்டினார்கள். “இதுதான் வேண்டும்” என்றார் ஒருவர். பிறகு பெண்கள் வரிசை வந்தது. தலையாட்டல் நின்றது. விளக்குப் போட்டதும் காரியதரிசி மிகவும் மரியாதையாக, “முதல் பாகம் பிரமாதம். கடைசியில் வருகிறதே, அந்தப் பள்ளிக்கூடம், அதை எடுத்துவிடலாம். விஷயத்துக்குச் சம்பந்தமில்லை” என்றார்.

இரண்டையும் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். என் மாமன் சிரித்தார். அவர் சிரித்திராவிட்டால் நான் இன்னும் கொஞ்சம் தயங்கியிருப்பேன். அன்று மாலையே, படத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன். அவர்களுக்கும் வெட்டாத படம் வேண்டாம். என் தகப்பனார் பல நாள் என்னோடு பேசவில்லை.

சூசைக்குத் தெரிந்த ஒருவர் லால்குடிப் பக்கம் டூரிங் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தார். தம்முடைய புராணப் படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் எங்கள் படத்தைப் போட ஒப்புக்கொண்டார். மணல் தரையில் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்; பாதிப் பேர் வயலில் நின்ற கால்களோடு வந்தவர்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, இது மலை, இது கொழுந்து, இது வீடு என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்றார்கள். அட்டையைப் பற்றிக் கேட்டார்கள். வரிசை வந்தபோது, இது ஓட்டு, உள்ளே ஒரு பெட்டியில் சீட்டைப் போட்டு, கவர்ன்மெண்டில் யார் இருப்பது என்று இவர்கள் சொல்லுகிறார்கள் என்று விளக்கினேன். அவர்களுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. புராணப் படம் எப்போது தொடங்கும் என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

முன் வரிசையில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திரையில் செல்லாயி நனைந்துகொண்டு நிற்பதையே பார்த்திருந்தாள். படம் முடிந்ததும் என்னைக் கேட்டாள்: “அந்தப் பொம்பளைங்க அம்புட்டு நேரம் மழையில நிக்கறாங்களே, அதுக்குக் கூலி எவ்வளவுங்க?”

“கூலி கிடையாது” என்றேன்.

“கங்காணி நிக்கச் சொன்னாரா?”

“லொறியில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் அந்த அம்மாள் அத்தனை நேரம் நின்றது தானாகத்தான்.”

அவள் குழந்தையை மடி மாற்றி வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, “கூலி இல்லாம நனைஞ்சுக்கிட்டு நிக்குதாம்டி. அப்ப அந்தப் பெட்டியில என்னமோ இருக்கு” என்றாள்.